சுவருக்கு அப்பால் நடுங்கிய கோடு

இதை வாசிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் நாற்காலி உங்களுக்கு வேண்டாம். அதில் அமர்பவர் தீர்ப்பைச் சொல்லி, பொன்னாடையை மடித்துக்கொண்டு, அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவார். பேசியவன் பின்னால் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் உரிமை சாட்சிக்கு மட்டுமே உண்டு. இதன் முடிவில் நான் ஒரு வாக்குறுதியைச் சொல்வேன். அதைக் கேட்டவர்கள் சிலர் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆயினும், மேடையில் பேசிப் பழகியவனின் வாக்குறுதிக்குக் கூடுதலாக ஒரு சாட்சி இருப்பது எல்லாருக்கும் நல்லது.

பகலில் எனக்கு டிரைவ் வேலை; மாலையில் அழைப்பு வந்தால் பட்டிமன்றம். இரண்டிலும் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைப்பதில்லை. டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தை நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கும் பெட்டி. மதுரையைச் சுற்றியுள்ள நெல் ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் இன்று அது இல்லாத மோட்டாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அது மோட்டாருக்கு ஊட்டுகிறது. அப்படி வெட்டும்போது ஒருவகை இரைச்சல் எழுகிறது. மனிதக் காதுக்கு அது கேட்காது. அக்கம்பக்கத்து மின்கருவிகளுக்குக் கேட்கும். அந்த இரைச்சல் கம்பி வழியே வெளியேறாமல் மறிக்கும் கருவிக்குப் பெயர் ஃபில்டர். எல்லா டிரைவுக்கும் ஃபில்டர் வேண்டுமா, வேண்டாமா? எங்கள் தொழிலில் தேநீர் ஆறும்வரை பேசத்தக்க தலைப்பு இது.

நான் வேண்டாம் என்ற அணி. காரணம் இல்லாமல் நான் எந்த அணியிலும் நின்றதில்லை. வாடிப்பட்டிக்கு அருகே ஒரு நெல் ஆலையில், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தார்கள். ஃபில்டர் சும்மா இருப்பதில்லை. பிடித்த இரைச்சலோடு சிறிதளவு மின்சாரத்தையும் எர்த் கம்பி வழியாகத் தரைக்குக் கசியவிடும். பல ஃபில்டர்களின் கசிவு ஒன்றாகச் சேர்ந்தபோது, மின்கசிவு கண்டால் தானே விழுந்து உயிர்காக்க வேண்டிய பிரேக்கர், காரணமின்றி விழுந்துகொண்டே இருந்தது. வேலை தடைப்பட்டது. எரிச்சலுற்ற யாரோ ஒருவர் அந்தப் பிரேக்கருக்குக் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு, அதை நிரந்தரமாக ஊமையாக்கிவிட்டார். அதைப் பார்த்த நாள்முதல், உயிர்காக்கும் கருவியை ஊமையாக்கத் தூண்டும் எந்தப் பெட்டியையும் நான் ஆதரிப்பதில்லை என்று முடிவுசெய்தேன். அந்த ஆலைக்குத் தனி மின்மாற்றி இருந்தது. சுற்றிலும் வயல். இரைச்சலால் பாதிக்கப்படக் கூடியவை அங்கே கொக்குகள் மட்டுமே.

கே.கே. நகரில் கொக்குகள் இல்லை என்பதை எனக்கு உணர்த்தியது ஓர் இட்லிமாவுக் கூடம்.

அதை நடத்துபவரை நான் அக்கா என்றே அழைப்பேன். உறவு இல்லை. அவருடைய சொந்த ஊரான டி. கல்லுப்பட்டியில் ஒரு கோயில் விழா மேடையில் நான் பேசியதைக் கேட்டு, மறுநாள் தொலைபேசியில் அழைத்தவர். "பேச்சு தெளிவா இருந்துச்சு தம்பி. வேலையும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பேச்சை நம்பி மின்வேலை கொடுத்தவர் என் அனுபவத்தில் அவர் ஒருவரே. அவருடைய பெரிய கிரைண்டர்களுக்கெல்லாம் டிரைவ் மாட்டிக் கொடுத்தேன். அரிசிக்கு ஒரு வேகம், உளுந்துக்கு ஒரு வேகம். உளுந்தை வேகமாக ஆட்டினால் மாவு சூடாகிப் பொங்காமல் போய்விடும். டிரைவ் வந்தபின் அக்காவின் மாவு பொங்கியது. பக்கத்துத் தெருக்களின் பெண்கள் பலர் அங்கே வேலைக்கு வந்தார்கள். கடைகள் மாலை மாவுக்குக் காத்திருந்தன.

கூடத்தின் பக்கத்துச் சுவர் ஒரு கிளினிக்கின் சுவர். சென்ற மாசியில் அங்கிருந்து மருத்துவர் நேரில் வந்தார். அக்கா என்னை உடனே வரச்சொன்னார்.

நான் போனபோது மருத்துவர் கையில் ஒரு நீளத் தாள் இருந்தது. இதயத்துடிப்பைக் கோடாக வரைந்த இசிஜி. கோடு இருக்க வேண்டிய இடத்தில் கம்பளிப்பூச்சி போல மயிர் சிலிர்த்த ஒரு பட்டை ஓடியது.

"தம்பி, இதுல நெஞ்சு எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க" என்றார். "சாயங்காலம் இவங்க மாவாட்டுறாங்க, எனக்கு இந்தக் கோலம் வருது. நேத்து நெஞ்சுவலின்னு வந்த ஒருத்தரை, படம் தெளிவா இல்லாம ஆட்டோ புடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன். அவருக்கு ஒண்ணுமில்ல. இன்னொருத்தருக்கு இருக்கும்ல?"

பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள சரிபண்ணுங்கம்மா. இல்லன்னா வீடுக இருக்குற தெருவுல ஆலை ஓடுதுன்னு மாநகராட்சிக்கு எழுதுறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. கோவிச்சுக்காதீங்க."

அவர் குரலில் பகை இல்லை. அதனால்தான் அக்கா பயந்தார். மாலையில் ஆட்டாத மாவுக் கூடம் மாவுக் கூடமே இல்லை. ஊருக்கு வெளியே போனால், நடந்து வரும் பெண்களில் யாரும் வர முடியாது. சனிக்கிழமைக்குள் அந்தப் பட்டை கோடாக வேண்டும். ஆகாவிட்டால் கூடம் அந்தத் தெருவில் இருக்காது.

அப்போது மருத்துவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "என்ன மேடை மன்னரே, டிரைவ் நீங்க மாட்டுனதா? அப்பப் பொருத்தந்தான். சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது."

கல்லூரியில் என் எதிரணித் தலைவி. பேச்சுப் போட்டிகளில் நான் தோற்றது பெரும்பாலும் அவரிடம்தான். பரம்பரையாகத் துணி வியாபாரம் செய்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் பேச்சு சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடும், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ்தான். இப்போது அவர் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். தம் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று மருத்துவர் முதலில் அழைத்தது அவரை. அவர் கருவியைச் சோதித்து, குற்றமற்றது என்று கண்டு, சுவரைத் தட்டிக்காட்டிவிட்டு வந்திருந்தார்.

"ஃபில்டர் எங்கப்பா?" என்றார், என் மின்பலகையைத் திறந்து பார்த்து.

"மாட்டல. தரையெல்லாம் ஈரம். பொம்பளைங்க நாள் முழுக்கத் தண்ணியில நிக்கிறாங்க. ஃபில்டரைப் போட்டா பிரேக்கர் சும்மா சும்மா விழும். விழுந்தா ஒருநாள் யாராச்சும் கம்பியைக் குறுக்க போடுவாங்க."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறது மனுசன் இல்லையா? கோடு தப்பாத் தெரிஞ்சா மருந்தும் தப்பாப் போகும்."

"இந்தப் பக்கம் ஷாக் அடிச்சா மருந்தே தேவைப்படாது."

மாவு வழித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஒருவர், "ரெண்டும் சரியாத்தான பேசுது" என்று மற்றவர் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு தண்ணீர் வாளியின் மீது மருத்துவர் உட்கார்ந்தார். "பட்டிமன்றம் நல்லாருக்கு. ஆனா எனக்குத் தீர்ப்பு வேணாம்பா, கோடு வேணும். பேஷண்ட் காத்திருக்காங்க."

எங்கள் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் ஒரு விதி இருந்தது. வேறு எங்கும் அதை நான் கண்டதில்லை. எதிரணியின் வாதத்தை மறுப்பதற்கு முன்னால், அதை நீ உன் வாயால் சொல்ல வேண்டும்; "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று எதிரணி ஒப்ப வேண்டும்; அதன் பிறகே மறுக்கலாம். எத்தனையோ பேர் அந்த விதியைச் சபித்திருக்கிறார்கள். கைதட்டலுக்கு ஏங்கும் நாக்கைக் கட்டிப்போடும் விதி அது.

"விதி ஞாபகம் இருக்கா?" என்றார் என் எதிரணித் தலைவி. "மொதல்ல என் கட்சியைச் சொல்லு."

நான் சொன்னேன்: "டிரைவோட இரைச்சல் கம்பி வழியா வெளிய போயி உங்க கருவியைக் கெடுக்குது. ஃபில்டர் அதைப் புடிச்சுத் தரைக்குள்ள அனுப்பிரும். சரியா?"

"சரி. இப்ப உன் கட்சி: ஃபில்டர் போட்டா மின்சாரம் கொஞ்சம் தரைக்குக் கசியும், அந்தக் கசிவுல பிரேக்கர் விழும். சரியா?"

"சரி."

இருவரும் மறுப்பதற்கு வாய் திறந்தோம். அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அவர் வாதமும் தரையை நம்பி நின்றது. என் வாதமும் தரையை நம்பி நின்றது. இரண்டு அணிகளும் ஒரே தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்தோம். அந்தத் தூணை அதுவரை யாரும் போய்ப் பார்த்திருக்கவில்லை.

"எர்த் குழி எங்க?" என்றார் அவர்.

"பின்னால. நான் மாட்டும்போது அளந்து பாத்தேன், நல்லாவே இருந்துச்சு."

அவர் தம் பையிலிருந்து ஒரு சிறிய ரேடியோவை எடுத்தார். அதை மத்திய அலையில் நிலையம் இல்லாத ஓர் இடத்தில் நிறுத்தினார். டிரைவின் இரைச்சல் நம் காதுக்குக் கேட்காவிட்டாலும் அந்த ரேடியோவுக்குக் கேட்கும். கேட்டதை அது உறுமிக் காட்டும். அக்கா ஒரு கிரைண்டரை ஓட்டினார். ரேடியோ மோட்டார்க் கம்பியருகே உறுமியது. அது எதிர்பார்த்ததே. பச்சை நிற எர்த் கம்பியருகே கொண்டுபோனபோது அதைவிட உரக்க உறுமியது. அமைதியாகத் தரைக்குள் இறங்க வேண்டிய கம்பி, போக இடமில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.

உறுமலைப் பின்தொடர்ந்து நடந்தோம். பச்சைக் கம்பி பின்வாசல் வரை போனது. அங்கே கீழே இறங்காமல், புதிய டைல்ஸ் ஒட்டிய சுவரில் மேலேறி, மாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நான் அளந்த குழி இருந்த இடத்தில் வழவழப்பான புதுத் தரை. அதன்மீது அடுக்கிய அரிசி மூட்டைகள்.

"அக்கா, இங்க ஒரு குழி இருந்துச்சே?"

"அதுவா? தையில தரை போட்டோம்ல. வாஸ்து பாக்குறவரு வந்து, கன்னி மூலையில குழி ஆகவே ஆகாது, பாரந்தான் இருக்கணும், தொழில் உள்ள இறங்கிப்போகும்னாரு. மூடிட்டோம். வயரை அறுக்கலப்பா, பிளம்பர்ட்டச் சொல்லிப் பத்திரமாக் குழாயில கட்டச்சொன்னேன். இரும்புக் குழாய்தான?"

இரும்புதான், ஒரு முழ நீளத்துக்கு. அதற்கு மேலும் கீழும் பிளாஸ்டிக்.

உளுந்து அலசிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "அதான் கொஞ்ச நாளா கிரைண்டர் டிரம்மைத் தொட்டா சுள்ளுங்குது. அக்காட்டச் சொன்னதுக்கு, செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்கடின்னு ரப்பர் பாய் வாங்கிப் போட்டாங்க. மிஷினுக்கு நம்ம மேல அம்புட்டுக் கோவம்னு நாங்களும் பேசிக்கிட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். எர்த் இல்லாத கூடத்திலும் அந்தப் பிரேக்கர் விழத்தான் செய்யும். ஆனால் கசிவு தரைக்கு இறங்கினால்தான் அது விழும்; எர்த் இல்லாதபோது இறங்க ஒரு மனித உடல் தேவை. நான் எந்தப் பெண்களின் பெயரால் வாதாடினேனோ, அவர்களுடைய காலடியில் தரையே இல்லை.

என் எதிரணித் தலைவி மெல்லச் சொன்னார்: "நான் கேட்ட ஃபில்டரை நீ மாட்டியிருந்தா, போக இடமில்லாத கசிவுல அந்தச் சுள்ளு இன்னும் கூடியிருக்கும்."

"நான் சொன்னபடி மாட்டாம விட்டிருந்தா, அது அப்படியே இருந்திருக்கும்."

"அப்ப ரெண்டு பேருக்கும் கப்பு இல்ல" என்றார்.

அக்கா மெயின் சுவிட்சை அணைத்தார். யாரும் சொல்லி அணைக்கவில்லை. அன்றைய மாவு பாதியில் நின்றது. கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராக அழைத்து, "இன்னைக்கு இல்லண்ணே, மன்னிச்சுக்கங்க" என்று சொன்ன அவருடைய குரலை நான் மறக்க மாட்டேன். புகாருக்குப் பயந்தபோது நடுங்கிய குரல், இதைச் சொல்லும்போது நடுங்கவில்லை.

மறுநாள் குழி தோண்ட ஆள் வந்தார். எங்கே தோண்டுவது என்பது அடுத்த வழக்கு. கன்னி மூலையை மறுபடி உடைக்க அக்கா சம்மதிக்கவில்லை. மேடையில் என்றால் நான் வாஸ்துவைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் என் எதிரணித் தலைவி அக்காவிடம் கேட்டார்: "குழி எந்த மூலையில இருந்தா உங்களுக்குச் சம்மதம்க்கா?"

"ஈசானிய மூலைன்னா நல்லதும்பாங்க. அங்கதான் தண்ணி இருக்கணும்பாங்க."

ஈசானிய மூலையில் போய்ப் பார்த்தோம். அரிசியும் உளுந்தும் கழுவும் குழாயடி அது. நாள் முழுக்கக் கழுநீர் ஓடி, மண் எப்போதும் ஈரமாக இருந்தது. எர்த் குழிக்கு ஈர மண்ணைவிடச் சிறந்த இடம் இல்லை. கோடையில் மற்றவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றும் குழியை, இங்கே அரிசி கழுவும் கைகளே காப்பாற்றிவிடும்.

"பாத்தியா?" என்றார் அவர் என்னிடம். "கேட்டா ஒரு வரியில முடியுது. நீ பேசியிருந்தா ஒரு மணி நேரம்."

குழி தோண்டி, தண்டு இறக்கி, கரியும் உப்பும் இட்டு, மண் நிரப்பி, மேலே ஒரு மூடி போட்டு, அளந்து பார்த்தோம். நன்றாக வந்தது. டிரம்மைத் தொட்டவர்கள் எவருக்கும் சுள்ளென்று இல்லை. ரேடியோவின் உறுமல் பெரிதும் அடங்கியது. ஆனால் சுவருக்கு அப்பால், கோடு இன்னும் மெல்ல நடுங்கியது. கம்பளிப்பூச்சி மயிர் உதிர்ந்து புழுவாகியிருந்தது, அவ்வளவே.

ஆகவே பழைய கேள்வி திரும்பி வந்தது: ஃபில்டர் வேண்டுமா? இம்முறை நாங்கள் இருவரும் ஒரே மின்பலகையின் முன்னால், ஒரே பக்கமாக நின்று அதைக் கேட்டோம். வாடிப்பட்டி ஆலையில் வேண்டாம் என்றது சரி. அங்கே தனி மின்மாற்றி, பக்கத்தில் யாரும் இல்லை. இங்கே ஒரே மின்மாற்றி தெரு முழுவதையும் தாங்குகிறது. பக்கத்தில் நெஞ்சு வலிக்கும் மனிதர்கள். ஆகையால் இங்கே வேண்டும். ஆனால் டிரைவுக்கு ஒன்றாக வேண்டாம். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் எல்லாவற்றுக்குமாக ஒன்று, அதுவும் மிகக் குறைவாகக் கசியும் வகை. மோட்டார்க் கம்பிகளைக் குட்டையாக்கி, மேலே உலோக வலை பின்னிய கம்பியாக மாற்றினேன். ஃபில்டர் உட்காரும் இடத்தில், உலோகத்தோடு உலோகம் தொடுவதற்காகப் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகடு பளபளக்க வைத்தேன். அவர் திருப்புளியை நீட்டினார், நான் முடுக்கினேன். மேடையில் ஒருநாளும் நாங்கள் ஓர் அணியில் அமர்ந்ததில்லை.

சனிக்கிழமை மாலை சோதனை. இரண்டு தீர்ப்புகள் ஒரே நேரத்தில் வர வேண்டும்: எல்லாக் கிரைண்டரும் ஓடும்போது கோடு தெளிவாக வர வேண்டும், பிரேக்கரும் விழாமல் நிற்க வேண்டும். ஒன்று தவறினாலும் கூடம் போய்விடும். யாரைப் படுக்கவைத்துப் படம் எடுப்பது என்று மருத்துவர் கேட்டார்.

"இதோ, வாதி" என்று என்னைக் காட்டினார் என் எதிரணித் தலைவி.

சட்டையைக் கழற்றிப் படுத்தேன். நெஞ்சில் ஈரமான களிம்பைத் தடவிக் கம்பிகளை ஒட்டினார் மருத்துவர். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க தம்பி. பேசினாக் கோடு ஆடும்."

சுவருக்கு அப்பால் கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக எழும்பின. அந்த அதிர்வு கட்டிலின் கால் வழியே என் முதுகுக்கு வந்தது. தலையை அசைக்காமல், கூரையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அங்கே அக்கா பிரேக்கரின் முன்னால் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். உளுந்து அலசுபவர் டிரம்மில் கை வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். இத்தனை பேருடைய வாழ்வுக்கு நான் செய்யக்கூடிய உதவி, வாய்மூடிக் கிடப்பது ஒன்றே. எந்த மேடையிலும் எனக்கு அவ்வளவு பெரிய பொறுப்பு தரப்பட்டதில்லை.

தாள் கிர்ரென்று வெளியே வந்தது. மருத்துவர் அதை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார். மெல்லிய, தனித்த, கருப்பான கோடு. மேலே ஏறி, கீழே இறங்கி, சற்று ஓய்ந்து, மீண்டும் ஏறியது.

"கோடுன்னா இது கோடு" என்றார்.

அதே நேரம் சுவருக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல்: "விழலப்பா! நல்லாக் குத்துக்கல்லு மாதிரி நிக்குது!" அதைத் தொடர்ந்து பெண்களின் சிரிப்பு. என் எதிரணித் தலைவி தாளை எட்டிப் பார்த்து, "அட, நெசமாவே நெஞ்சு இருக்கு" என்றார்.

அந்தத் தாளை மருத்துவர் எனக்கே கொடுத்துவிட்டார். என் அறையில் கோப்பைகள் இருக்கின்றன, கேடயங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன். யாரையும் வெல்லாமல் நான் பெற்ற பரிசு அது ஒன்றுதான். என் வாதத்தை எனக்கே திருப்பிச் சொன்ன தோழிக்கும், குற்றம் சாட்டாமல் குறை சொன்ன மருத்துவருக்கும், யாரும் சொல்லாமல் சுவிட்சை அணைத்த அக்காவுக்கும், சுள்ளென்றதை மறைக்காமல் சொன்ன அந்தப் பெண்ணுக்கும் நான் கடமைப்பட்டவன். மேடையில் நன்றி என்பது கடைசி வரி. கூட்டம் செருப்பைத் தேடும் நேரத்தில் சொல்வது. இங்கே அதை எல்லாரும் கேட்கும்படி சொல்ல விரும்பினேன்.

அன்று மாலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மருத்துவரும் தோழியும் பின்னால் வந்தார்கள். கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்ததால் மைக் இல்லாமல் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"பேசப் போறாரு, ஒதுங்குங்க" என்றார் தோழி.

"கொஞ்சமாத்தான் பேசுவேன்" என்றேன். "அக்கா, வருசா வருசம் சித்திரை வெயிலுக்கு முன்னாடி நான் இங்க வாரேன். நீங்க கூப்பிட வேணாம். மொதல்ல ஈசானிய மூலையில மூடியைத் தொறந்து குழியை அளப்பேன். அப்புறம் டாக்டரோட கிளினிக் கதவைத் தட்டி, கோடு எப்படி இருக்குன்னு கேப்பேன். இங்க மட்டுமில்ல, இனி எந்த ஊர்ல எந்த மோட்டாருக்கு டிரைவ் மாட்டினாலும், குழியையும் பக்கத்து வீட்டையும் பாக்காம, ஃபில்டர் வேணும்னோ வேணாம்னோ வாயைத் தொறக்க மாட்டேன்."